பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு: இருபது நாள்தான் மீதம் இருக்கிறது, வழி சொல்லுங்கள்

கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்துக்காகப் பிறப்புச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் முப்பது நாளுக்குள் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. அது ஸ்பேமில் கிடந்ததை நேற்று இரவுதான் பார்த்தேன். அதற்குள் பத்து நாள் போய்விட்டது. என்னிடம் இருக்கும் பழைய சான்றிதழ் முழுவதும் தமிழில், பேனாவால் எழுதப்பட்டது. அதை நானே மொழிபெயர்த்துக் கையொப்பமிட்டு அனுப்பலாமா? நேற்றிலிருந்து கண்மூடவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

முதல் பதில்:
பதற்றப்படாதீர்கள், சகோதரி. நான் அமெரிக்காவில் விண்ணப்பித்தபோது இரு மொழியும் நன்கு அறிந்த நண்பர் ஒருவர்தான் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்றும், தமக்கு அந்த மொழிபெயர்ப்புக்கான தகுதி உண்டு என்றும் அவர் அடியில் எழுதிக் கையொப்பமிட்டார். அதுவே போதுமானதாக இருந்தது. என்னை வாட்டியது தலைப்பெழுத்துதான். சான்றிதழில் தந்தையின் பெயர் தனிக் கட்டத்தில், பள்ளிச் சான்றில் ஒரே ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயர். மூன்றும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று விளக்குவதிலேயே என் முதல் நான்கு மாதங்கள் கரைந்தன.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள். நான் இருப்பது ஆஸ்திரேலியாவில். இங்கே செய்யப்படும் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி (NAATI) அமைப்பின் அங்கீகாரம் பெற்றவருடையதாக இருக்க வேண்டும். நானும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து, அது செல்லாது என்று தெரிந்தபின் மறுபடியும் செலவழித்தேன். அங்கீகாரம் பெற்றவரின் மொழிபெயர்ப்பைப் பார்த்தபோதுதான் வேலையின் அளவே எனக்குப் புரிந்தது. வட்ட முத்திரைக்குள் இருந்த சொற்கள், ஓரத்தில் யாரோ கிறுக்கிய பதிவு எண், பின்பக்கத்துக் குறிப்பு என ஒன்றையும் அவர் விடவில்லை. மை பரவி அழிந்த இடத்தில் ஊகித்து நிரப்பாமல் 'வாசிக்க இயலவில்லை' என்றே எழுதியிருந்தார்.

மூன்றாம் பதில்:
மொழிபெயர்ப்புக்கு முன் அப்போஸ்டில், அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் காட்டுவதற்காக அரசு தரும் சான்று, வாங்குங்கள். அது இல்லாமல் என் சான்றிதழை ஐரோப்பாவில் யாரும் கையில் வாங்கவில்லை. அதன்பின் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைந்தேன்.

நான்காம் பதில்:
கடவுச்சீட்டு, பட்டம், திருமணப் பதிவு என அனைத்தையும் ஏற்றுக்கொண்ட பிறகும், நாம் பிறந்தோம் என்பதற்கு ஒரு தாளைக் கேட்டு அலைக்கழிப்பது மனத்தை மிகவும் புண்படுத்துகிறது. என் தாயாரின் பெயர் சாந்தி. ஓர் ஆவணத்தில் 'எஸ்'ஸில் தொடங்கியது, இன்னொன்றில் 'எஸ்ஹெச்'சில் தொடங்கியது. அந்த ஓரெழுத்துக்காக எழுபது வயதில் அவர் மூன்று முறை நோட்டரியிடம் போய்வந்தார்.

ஐந்தாம் பதில்:
அந்த அம்மா பட்ட சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சகோதரிக்கு இருபது நாள்தான் இருக்கிறது. இதுவரை வழி சொன்ன மூவரும் அவரவர் நாட்டைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை யார் செய்யலாம் என்பதைச் சான்றிதழைக் கேட்கும் நாடுதான் முடிவுசெய்கிறது. அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும் உறுதிசெய்வது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை. கடிதத்தில் கேட்கவில்லை என்றால் அதற்காக நாளைச் செலவிட வேண்டாம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், எங்கே பிறந்தீர்கள்? சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா?

கேட்டவர்:
மன்னிக்கவும், இவற்றை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இருப்பது கனடா, பிறந்தது இந்தியா. பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே 'பெண்' என்று மட்டும் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது என் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாம் பதில்:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மூலத்தில் கோடு இருந்தால் மொழிபெயர்ப்பிலும் கோடுதான் இருக்க வேண்டும். இல்லாத பெயரைச் சேர்த்தால் விண்ணப்பமே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். கனடாவில் விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தினரோ செய்த மொழிபெயர்ப்பை ஏற்பதில்லை. சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அத்தகைய ஒருவர் கிடைக்காவிட்டால், மொழிபெயர்த்தவரின் பிரமாணப் பத்திரமும் மூலத்தின் சான்றொப்பமிட்ட நகலும் சேர்ந்து போக வேண்டும்.

பெயரைச் சேர்ப்பதற்கு இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் விதிகளில் 15 ஆண்டு வரம்பு உண்டு. அதைத் தாண்டியவர்களுக்கு அவ்வப்போது நீட்டிப்பு தந்திருப்பதால், இப்போது நீட்டிப்பு நடப்பில் இருக்கிறதா என்று உங்கள் பிறப்பைப் பதிவுசெய்த பதிவாளரிடம் வீட்டார் ஒருவரை நேரில் கேட்கச் சொல்லுங்கள். அதே நாளில் நீங்கள் இந்தியத் தூதரகச் சேவையை அணுகுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, அதிலுள்ள விவரங்களின் அடிப்படையில் பிறப்புச் சான்றிதழ் தரும் வழக்கம் அங்கே உண்டு. பெரும்பாலும் அதுதான் உங்களுக்கு முதலில் கைக்கு வரும்.

இரண்டும் இருபது நாளுக்குள் வராமல் போகலாம். அதனால் கெடு முடியும்வரை காத்திராமல், இப்போதுள்ள சான்றிதழ், அதன் முறையான மொழிபெயர்ப்பு, பெயர் விடுபட்டதை விளக்கும் கடிதம், தந்தை தாய் பெயரும் பிறந்த தேதியும் பொருந்திவரும் பள்ளிச் சான்று, புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீது ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பி, அதே கடிதத்தில் கூடுதல் அவகாசமும் கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்பா நாளைக் காலையிலேயே பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பள்ளிச் சான்றில் அம்மாவின் பெயர் இல்லை, அப்பாவின் பெயர் மட்டும் இருக்கிறது. அது போதுமா?

ஐந்தாம் பதில்:
அதையும் அனுப்புங்கள். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தாயின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலையும் உடன் வையுங்கள்.