அம்மம்மாவுக்கு இண்டைக்கு வாய்க்கட்டு

[காலை 5:48] சுகி: ஆஸ்பத்திரியில அம்மம்மாவின்ர கட்டில்ல ஒரு மட்டை தொங்குது. 'நில் பை மவுத்' எண்டு இங்கிலீசில. நான் இடியப்பம் சொதியோட நிக்கிறன். குடுக்கலாமோ?

[5:49] ரவி: மவுத்தோ??

[5:49] ரவி: அக்கா என்ன சொல்லுறீங்கள்

[5:50] சுகி: வாயடா. வாய்

[5:50] ரவி: ஐயோ. வெள்ளவத்தையில கீழ்வீட்டு முஸ்லிம் நானா ஆக்கள் ஆரும் செத்தால் மவுத் எண்டுதான் சொல்லுறவை. பதறிப்போனன்

[5:51] மாலா சித்தி: ஆர் மவுத்? இங்க ரொறன்ரோவில இரவு 8.21. கோல் எடுக்கிறன்

[5:52] சுகி: ஒருத்தரும் சாகேல்லை சித்தி

[5:52] பெரியம்மா: நில் எண்டால் எழும்பி நிக்கட்டாமோ? அம்மாவுக்கு முழங்கால் ஏலாதெல்லோ

[5:55] செல்வம் மாமா: அது தமிழ் நில் இல்லை அக்கா. லத்தீன் 'நிஹில்'. ஒண்டுமில்லை எண்டு கருத்து. வாயால ஒண்டும் குடுக்கக்கூடாது. மயக்கமருந்து குடுக்கேக்கை வயித்தில கிடக்கிறது மேல வந்து சுவாசப்பைக்குள்ள போயிடும். அதாலதான் சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், வெறும் தண்ணிக்கு 2 மணித்தியாலம் எண்டு பொதுவா ஒரு கணக்கு. மட்டை தொங்கினால் நேர்ஸ் மிசியைக் கேக்காமல் தண்ணியும் வேண்டாம். மருந்துத் துண்டில வெறும் 'பை மவுத்' எண்டு கிடந்தால் விழுங்கிறது. இங்கிலீசில மவுத்தோட எந்தச் சொல் ஒட்டுது எண்டு பாக்கவேணும்.

[5:56] தர்சன்: மாமா தொடங்கீட்டார்

[5:56] சுகி: வாய் காயுதெண்டு அழுறா

[5:57] செல்வம் மாமா: 'ட்ரை மவுத்'. மிசியைக் கேட்டுப் பஞ்சால சொண்டை நனை.

[5:59] செல்வம் மாமா: 'வைட் மவுத்', 'பிக் மவுத்' ரெண்டும் எங்களுக்குப் பெரிய வாய்தான். ஆனா 'வைட் மவுத்' போத்திலுக்குச் சொல்லுறது, ஊறுகாய்ப் போத்தில் மாதிரி. 'பிக் மவுத்' எண்டால் ரகசியம் தங்காத ஆள். எங்கட ஓட்டைவாய்.

[5:59] பெரியம்மா: ஆரைச் சொல்லுறாய்?

[6:00] செல்வம் மாமா: பொதுவாச் சொன்னனான்

[6:00] பெரியம்மா: கோண்டாவில் காணிக்கதை என்னால வெளியில போகேல்லை

[6:01] மாலா சித்தி: எனக்கு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்

[6:01] பெரியம்மா: உனக்குச் சொன்னால் வெளியோ?

[6:02] தர்சன்: இது 'வேர்ட் ஒஃப் மவுத்'தோ மாமா

[6:02] செல்வம் மாமா: ஓம். வாய்வழியாப் பரவுறது

[6:03] சுகி: போத்தில் எண்டோடனைதான் ஞாபகம். கட்டுப்பல் எங்க? ராத்திரி மிசி கழட்டச் சொல்லி, ஹோர்லிக்ஸ் போத்திலுக்க தண்ணி விட்டுப் போட்டனான். லாச்சிக்குள்ள இல்லை

[6:04] தர்சன்: சிவத்த மூடியோ?

[6:04] சுகி: ஓம்

[6:05] தர்சன்: ஊத்தைச் சாமானோட வீட்டை கொண்டந்திட்டன்

[6:05] பெரியம்மா: அதைத்தானோ குசினிக்க வைச்சிருக்கிறாய்!

[6:06] ரவி: இடியப்பம்?

[6:06] சுகி: பக்கத்துக் கட்டில் அன்ரிக்குக் குடுத்தாச்சு. மட்டை தொங்கேல்லை, பாத்திட்டுத்தான் குடுத்தன். அம்மம்மா கேக்கிறா, தனக்கு வாய்க்கரிசியாவது போடுவியளோ எண்டு

[6:07] பெரியம்மா: விடியக்காலமை உவவுக்கு உந்த வாய்

[6:08] சுகி: சரி, இரவுக்கு ஆர் நிக்கிறது? நான் ரெண்டு இரவு முழிப்பு

[6:11] மாலா சித்தி: காசு வேணுமெண்டால் சொல்லுங்கோ

[6:12] பெரியம்மா: எனக்குப் பிரசர்

[6:13] தர்சன்: மாமா நில்லுங்கோ. தமிழ் நில்

[6:15] செல்வம் மாமா: அது பொம்பிளையள் வாட்டடா. என்னை விடமாட்டினம்

[6:15] சுகி: வெளியில வாங்கு கிடக்கு மாமா

[6:31] செல்வம் மாமா: பாப்பம்