ரப்பர் தூள் போட்ட பேவர் பிளாக் ஸ்ட்ரெங்த் மூணுல ஒரு பங்குக்கு மேல குறையுது, அவசரம்

கரூர்_பேவர்
பேவர் பிளாக்ல டயர் ரப்பர் தூள் 10% போட்டு 300 கல் ஊத்தினோம். அழுத்த பல டெஸ்ட்ல 17 N/mm² தான் வந்திருக்கு. ரப்பர் போடாத கல் 27. பத்து சதவீதம் வரைக்கும் பெரிசா குறையாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சிமெண்ட் பழசா இருக்குமோ? ஆர்டர் நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க.

சைட்_இன்ஜி
எதுல 10%? சிமெண்ட்லயா, எம்-சாண்ட்லயா, மொத்தக் கலவையிலயா? எடையா, கன அளவா? 7 நாளா, 28 நாளா? தூள் எத்தனை மிமீ? ரெண்டு கல்லுக்கும் ஒரே மூட்டை சிமெண்ட்னா அது மேல பழி போட முடியாதுங்க.

ஹைட்ராலிக்_90
விஷயம் இதுதான்: ரப்பர் திரும்பி எம்பும். பிரஸ் அழுத்துறப்ப நசுங்கும், அழுத்தம் விட்டதும் பழைய அளவுக்கு வரும். கலவை இன்னும் பச்சையா இருக்கறதால கல்லோட நடு உயரத்துல படுக்கைவாட்டு விரிசல் விழும். கல்லை உடைச்சுப் பாருங்க, ஏடு ஏடா வரும். அழுத்தத்தைக் கூட்டினா இன்னும் மோசமாகும்.

கரூர்_பேவர்
பிரஸ் இல்லண்ணா. பிவிசி மோல்டு, வைப்ரேட்டிங் டேபிள். 60 மிமீ ஜிக்ஜாக், எம்35 (28 நாள்ல 35 N/mm² பலம்) வேணும். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு எம்-சாண்ட் 95 கிலோ, 6 மிமீ ஜல்லி சிப்ஸ் 135 கிலோ. மணல்ல 9.5 கிலோவைக் குறைச்சுட்டு அதே 9.5 கிலோ ரப்பர். தண்ணி பதம் பார்த்துதான். 7 நாள் ரிசல்ட் அது. மோல்டு மேல கருப்பா படலம் கட்டுது.

மிக்ஸ்_டிசைன்
இதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா ரெண்டு பேர் நேரம் மிச்சமாயிருக்கும். அடர்த்திங்கற அடிப்படைப் பாடம் தெரியாம ரப்பரைக் கையில எடுக்கக் கூடாது. எம்-சாண்ட் ஒப்படர்த்தி (தண்ணியை விட எத்தனை மடங்கு கனம்) 2.6, டயர் ரப்பர் 1.15. நீங்க எடுத்த 9.5 கிலோ மணல் 3.65 லிட்டர். போட்ட 9.5 கிலோ ரப்பர் 8.26 லிட்டர். மொத்த மணல் 36.5 லிட்டர்தானே? அப்போ நீங்க போட்டது 10% இல்ல, கிட்டத்தட்ட 23%. அது போக, பேட்ச்ல 4.6 லிட்டர் வீங்கியிருக்கு. அதே மூட்டை சிமெண்ட் அதிகக் கல்லுக்குப் பரவிடுச்சு. எடைக்கு எடை மாத்தவே கூடாது.

கன அளவுல 10%னா மூட்டைக்கு 4.2 கிலோ. எம்35க்கு நான் 5% மேல போக மாட்டேன், அதாவது 2.1 கிலோ. மணல் குறைக்கறது அதுக்கேத்த 1.8 லிட்டர், எடையில 4.75 கிலோ.

சைட்_இன்ஜி
அடுத்தது தண்ணி. ரப்பர் கலவை பார்வைக்கு வறண்டு தெரியும், ஸ்லம்ப்பும் (கலவை இளகி இறங்கற அளவு) குறையும். பதம் பார்க்கற ஆள் உடனே ரெண்டு லிட்டர் ஊத்துவார். மூட்டைக்கு 20 லிட்டர்னா தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.40. 22 ஆனா 0.44, பலம் குறையும். தண்ணியை அளந்து ஊத்துங்க (மணல் ஈரத்தைக் கழிச்சுட்டு). இளக்கம் பத்தலைன்னா பிசிஇ அட்மிக்சர் (தண்ணி கூட்டாம கலவையை இளக்கற ரசாயனம்) மூட்டைக்கு 200 கிராம்ல ஆரம்பிங்க.

கருப்புப் படலம் வர்றது வைப்ரேஷனால. எடை குறைஞ்ச தூள் மேல மிதக்குது. டேபிளை எவ்வளவு நேரம் ஓட்டறீங்க?

கரூர்_பேவர்
ஒரு நிமிஷத்துக்கு மேல.

சைட்_இன்ஜி
20-25 செகண்ட் போதும். காத்துக்குமிழ் வர்றது குறைஞ்சதும் நிறுத்துங்க. மோல்டுல மேல இருக்கறது கல்லைக் கழட்டினா அடிப்பக்கமா வரும். அதனால கண்ணுக்குத் தெரியாது, ஆனா டெஸ்ட் மெஷின்ல அந்த பலவீனமான ஏடுதான் முதல்ல நொறுங்கும். கலர் லேயர்ல (கல்லோட மேல்முகம்) ரப்பரே வேண்டாம், அதுக்கு அடியில வர்ற பேஸ் லேயர்ல மட்டும் போடுங்க. தேயற முகத்துல ரப்பர் இருந்தா துணுக்கு துணுக்கா பெயர்ந்து மழைத்தண்ணில போகும்.

வேதி_கோவை
ரப்பர் மேல ஒட்டியிருக்கற ஜிங்க் ஸ்டீரேட் தண்ணியை விரட்டும். அதான் சிமெண்ட் பிடிக்கறதில்ல. காஸ்டிக் சோடா லிட்டருக்கு 40 கிராம் கரைச்சு 20-30 நிமிஷம் ஊற வைங்க. அப்புறம் பிஎச் 7 (காரம் போய் நடுநிலை) வர வரைக்கும் அலசிக் காய வைங்க. சோடாவைத்தான் தண்ணில போடணும், தண்ணியை அது மேல ஊத்தாதீங்க. கண்ணாடி, கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

மிக்ஸ்_டிசைன்
அந்தக் காரத் தண்ணியை எங்க விடுவாரு, பக்கத்து வாய்க்கால்லயா? சிமெண்ட் பூச்சே போதும். 2.1 கிலோ ரப்பரோட மூட்டைல இருந்து ஒரு கிலோ சிமெண்ட், அரை லிட்டர் தண்ணி சேர்த்து ரெண்டு நிமிஷம் சுத்த விடுங்க. அப்புறம் மத்ததைப் போடுங்க. அந்தத் தண்ணியையும் கணக்குல சேர்க்கணும்.

வேதி_கோவை
பூச்சு மட்டும் போதும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஜிங்க் ஸ்டீரேட் அடியிலயே இருக்கும்.

தார்_ரோடு
எதுக்கு ரப்பர்? பாலித்தீன் கவரை வெட்டிப் போடுங்க. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன் ஐயா முறைல ரோடே போடறாங்களே.

மிக்ஸ்_டிசைன்
சம்பந்தமே இல்லாம பேசாதீங்க. அது தார். சுமார் 165 டிகிரி சூட்டுல இருக்கற ஜல்லி மேல பிளாஸ்டிக் உருகிப் பூசிக்கும், அதுக்கு மேல தார் ஒட்டும். ஐஆர்சி எஸ்பி 98ங்கற சாலை வழிகாட்டி நூல் அதுக்குன்னே இருக்கு. கான்கிரீட்ல உருக சூடு எங்க? கவர் துண்டு ஜல்லிக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவுல வழுக்கும் தாளா நிக்கும்.

தார்_ரோடு
பெட் பாட்டில் நாரை கான்கிரீட்ல போடறாங்களே, அதுவும் தப்பா?

வேதி_கோவை
நாரா போட்டா விரிசலைக் கொஞ்சம் பிடிக்கும். ஆனா சிமெண்ட்டோட காரத்துல பெட் மெல்ல அரிக்கும். பாலிப்ரொப்பிலீன் அதைத் தாங்கும்.

சைட்_இன்ஜி
கல்லுக்கு வருவோம். கரூர் நண்பரே, தூள் ரீட்ரேடிங் பஃபிங்கா (பழைய டயரைச் சுரண்டறப்ப வர்ற தூள்)? அது ஊசி ஊசியா இருக்கும், மிக்சர்ல உருண்டை கட்டும். 2 மிமீ சல்லடைல சலிச்சு, நைலான் நூலையும் கம்பித் துண்டையும் எடுத்துடுங்க. ஓரம் சாய்வு வெட்டின 60 மிமீ கல்லுக்கு லேப்ல ரிசல்ட்டை 1.06ஆல பெருக்கற திருத்தம் போட்டாங்களான்னும் கேளுங்க. முக்கியமா, ஆர்டர் அரசு டெண்டரா? கான்கிரீட் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383ல ஒத்துக்கிட்ட பட்டியல்ல ரப்பர் இல்ல. சொல்லாம கலந்து கொடுக்காதீங்க. ஊத்தி வச்ச 300 கல்லை வண்டி ஏறாத நடைபாதைக்குக்கூட 28 நாள் பார்க்காம அனுப்பாதீங்க.

கரூர்_பேவர்
பஃபிங்தான். தனியார் லேஅவுட், அவங்ககிட்ட சொல்லியாச்சு. 2.1 கிலோ, சலிச்சு, பூச்சு போட்டு 25 செகண்ட் ஓட்டினோம். படலம் இல்ல. 7 நாள் 24. எல்லாருக்கும் நன்றி.

சைட்_இன்ஜி
நல்லது. தண்ணி கடைசில எத்தனை லிட்டர் ஆச்சு? அட்மிக்சர் போட்டீங்களா?

வேதி_கோவை
28 நாள் ரிசல்ட்டையும், நீர் உறிஞ்சல் சராசரி 6% தாண்டாம இருக்கான்னும் இங்கேயே போடுங்க.