'தடைப்பட்ட இழை' என்ற சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

வலை வழங்கியில் கோரிக்கையைக் கையாளும் நடுவில் நின்றுபோகும் த்ரெட்டுக்கு, அதாவது நிரலுக்குள் தனித்து ஓடும் ஒரு வேலைத்தொடருக்கு, 'தடைப்பட்ட இழை' என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. 'இழை'யில் எனக்கு மறுப்பில்லை. 'புரி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் புரி கயிற்றுக்குள் முறுக்குண்டு கிடப்பது, தனித்து ஓடுவதற்கு இழையே பொருந்தும். என் தயக்கமெல்லாம் 'தடைப்பட்ட' என்பதில்தான். ஃபயர்வால் மறுத்த முகவரியையும் முடக்கப்பட்ட தளத்தையும் ஏற்கெனவே 'தடுக்கப்பட்டது' என்றே சொல்லி வருகிறோம். வழங்கி எழுதும் ஒரே பதிவேட்டில் (லாக்) இரண்டும் வந்தால் படிப்பவர் யாரோ வேண்டுமென்றே தடுத்ததாக எண்ணுவார்.

ஜாவா நிரல்களை ஓட்டும் டாம்கேட் என்ற மென்பொருளைக் கொண்டு நான் பராமரித்த ஒரு வழங்கியில் நேர்ந்ததைச் சொன்னால் என் கருத்து விளங்கும். பக்கங்கள் திறக்கவில்லை, மையச் செயலியோ (சிபியு) ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை, இழைகளின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கருவியை ஓட்டிப் பார்த்தபோது, டாம்கேட் இயல்பாக அனுமதிக்கும் 200 இழைகளும் வேலையில் சிக்கியிருந்தன. அவற்றுள் 199 இழைகளின் நிலை 'பிளாக்டு' என்றிருந்தது, அதாவது ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்காக அவை காத்திருந்தன. எஞ்சிய ஒன்று மட்டும் 'ரன்னபிள்', அதாவது இயங்கும் நிலை. புதியவர் எவரும் அந்த 199-ஐத்தான் ஆராய்வார், நானும் முதலில் அதையே செய்தேன். உண்மையில் குற்றவாளி அந்த ஒற்றை இழைதான்: மற்றவை காத்திருந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே, வெளிச்சேவை ஒன்றின் மறுமொழிக்காக சாக்கெட்டில் (வலை இணைப்பு முனையில்) காத்துக் கிடந்தது. அத்தகைய காத்திருப்பையும் ஜாவா 'ரன்னபிள்' என்றே காட்டும். அந்த அழைப்புக்கு வாசிப்புக் காலவரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. ஜாவாவின் எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன் வகுப்பில் அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது முடிவின்றிக் காத்திருக்கலாம் என்று பொருள்.

ஆகவே, ஒரு சொல் 'எந்தப் பூட்டு, அது யார் கையில்?' என்ற கேள்வியைப் படிப்பவரிடம் எழுப்புமானால், பழுது தேடுபவருக்கு அதுவே பாதி உதவி. அந்த 199-இன் நிலைக்குப் 'பூட்டுக்காத்திருப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிலை எதுவாயினும் நெடுநேரம் ஒரே கோரிக்கையில் கிடக்கும் இழைக்கு வேறு சொல் வேண்டும். டாம்கேட்டில் இதைக் கண்டறியும் 'வால்வு' என்ற துணைக்கூறைச் சேர்த்தால், வரம்பை நாம் மாற்றாதவரை 600 நொடியைத் தாண்டிய இழையைப் பற்றிப் பதிவேட்டில் எச்சரிக்கிறது. இதனை 'முடங்கிய இழை' எனலாம். உயிர் உண்டு, வேலை நடக்கவில்லை என்ற இரண்டும் 'முடங்கு' என்ற வினைக்குள்ளேயே இருக்கின்றன. 'இயங்குதளம்' போல வினைத்தொகையாக்கி 'முடங்கிழை' என்று சுருக்கவும் ஆசைப்பட்டேன். ஆயிழை, சேயிழை என்று படித்துப் பழகிய காதுக்கு அது அணிகலன் பூண்ட பெண்ணொருத்தியின் பெயராக ஒலிக்கும் என்பதால் கைவிட்டேன்.

இரண்டு இழைகள் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்கும் நிலைக்கு 'முட்டுக்கட்டை' என்ற சொல் இருக்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை.

என் முன்மொழிவிலும் ஓர் ஓட்டை உண்டு. ஜாவாவில் உள்ளமைந்த பூட்டைக் கேட்கும் 'சிங்க்ரனைஸ்டு' என்ற சொல்லை எழுதிய இடத்தில் உள்ளே நுழையக் காத்திருக்கும் இழையை மட்டுமே ஜாவா 'பிளாக்டு' என்கிறது. நிரலர் தாமே உருவாக்கிக் கையாளும் ரீஎன்ட்ரன்ட் லாக் வகைப் பூட்டுக்காகக் காத்திருப்பதை 'வெயிட்டிங்' என்ற நிலையில் சேர்த்துவிடுகிறது. பழுது தேடுபவருக்கு இரண்டும் பூட்டுக்காத்திருப்புதான், ஆனால் ஜாவாவின் நிலைப்பெயர்களை ஒன்றுக்கொன்றாகத் தமிழாக்குபவருக்கு இச்சொல் அகலமாகிவிடும். முதலாவதை 'உள்பூட்டுக் காத்திருப்பு' என்று குறுக்கலாமா, அல்லது நிலைப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிட்டு விளக்கத்தில் மட்டும் பூட்டுக்காத்திருப்பைப் பயன்படுத்தலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். எனக்கு இப்போதைக்கு இரண்டாவதே சரியெனப் படுகிறது.