மறு: விம் சொற்பட்டியல் – யாங்க் என்றால் இழுப்பதா?

நண்பர்களுக்கு வணக்கம். விம் என்ற உரைத்தொகுப்பியின் (எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள்) கட்டளைகளுக்கு நீங்கள் போட்ட தமிழ்ச் சொற்பட்டியலில் இப்படி இருக்கிறது:

> யாங்க் = இழு; டெலீட் = அழி; புட் = ஒட்டு

‘ஒட்டு’ இருக்கட்டும். மற்ற இரண்டும் நெருடுகின்றன.

அகராதிப்படி ‘இழு’ சரிதான். ஆனால் இழுத்த பொருள் இருந்த இடத்தை விட்டு வர வேண்டுமே? விம்மில் ஒய் விசையை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். திரையில் ஓர் எழுத்துகூட அசையாது. வரி அங்கேயே இருக்க, அதன் படி ஒன்று ரெஜிஸ்டருக்கு, அதாவது எடுத்த உரையை விம் வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போகிறது. ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதுவதைப் ‘படியெடுத்தல்’ என்றுதானே சொல்லிவந்தோம்? அதையே வைத்துக்கொள்வோம்: படியெடு. ‘நகலெடு’ கிளிப்போர்டோடு (நகலெடுத்ததை எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகக் கணினி வைக்கும் இடம்) ஒட்டிப் பழகிவிட்ட சொல். விம்மிலோ கிளிப்போர்டு அமைவை மாற்றினாலொழிய, அல்லது கிளிப்போர்டுக்கான ரெஜிஸ்டரைக் குறிப்பிட்டுச் சொன்னாலொழிய, யாங்க் அந்தப் பக்கமே போகாது.

(ஈமாக்ஸ் என்ற இன்னோர் உரைத்தொகுப்பியில் யாங்க் என்றால் ஒட்டுவது! பட்டியலில் மென்பொருளின் பெயரையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.)

‘அழி’ இன்னும் வம்பு. டி விசையை இரண்டு முறை தட்டினால் வரி மறையும், ஆனால் அழியாது. ‘புட்’ கட்டளைக்கான பி விசையைத் தட்டினால் திரும்பி வரும். நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு வரியைப் படியெடுத்துவிட்டு, ஒட்டுவதற்கு முன் வேண்டாத வரி ஒன்றை இப்படி நீக்கினேன். பி தட்டினால் வந்து விழுந்தது அந்த வேண்டாத வரி! எடுத்த படி போயே போச்சு என்று முழுவதையும் மறுபடி தட்டெழுதினேன். உண்மையில் அது 0 என்ற ரெஜிஸ்டரில் பத்திரமாக இருந்திருக்கிறது. இரட்டை மேற்கோள் குறி, 0, பி என்று வரிசையாகத் தட்டியிருந்தால் வந்திருக்கும். ‘வெட்டு’ என்று படித்திருந்தால், வெட்டியதுதான் ஒட்டும் என்று அப்போதே பிடிபட்டிருக்கும்.

‘செட் நம்பர்’ (வரி எண்களைக் காட்டச் சொல்வது) வகையறாவுக்கு ‘அமைப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். நாலு வரி கீழே சிஸ்டத்துக்கும் அதே சொல். இதற்கு ‘அமைவு’ போதும். அப்புறம், அமைவின் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால் இருக்கும் நிலை தலைகீழாகிறதே, அந்த டாகிளுக்கு ‘நிலைமாற்று’ கச்சிதம். அதைத் தொட வேண்டாம்.

ரெஜிஸ்டர்தான் பிடிபடவில்லை. ‘பதிவகம்’ என்றால் கணினிச் செயலியின் (பிராசஸர்) ரெஜிஸ்டரோடு குழம்பும். ஏ முதல் இசட் வரை 26 எழுத்துக்கும் ஆளுக்கொரு இடம், வேண்டியதை வைத்து எடுக்கலாம் என்பதால் எனக்கு ‘மாடம்’ தோன்றுகிறது. சிரித்துவிட்டு, இதைவிட நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.