38 வயதில் அல்ஜிப்ரா: ராணுவம், குடும்பம், டிகிரி… உங்கள் கதையையும் சொல்லுங்கள்

பழைய பூட்ஸ்:

அமெரிக்க ராணுவத்தில் எட்டு வருடம் இருந்தேன். குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகச் சேர்க்கும் மாவ்னி என்று ஒரு திட்டம் 2016 வரை ஆள் எடுத்தது. அதில் கேட்ட மொழிகளில் தமிழும் ஒன்று, அப்படி உள்ளே போனவன். வெளியே வந்ததும் ஜிஐ பில் கையில் இருந்தது, ராணுவத்தில் இருந்தவர்களைப் படிக்க வைக்கும் அரசு சலுகை. 36 மாதப் படிப்புச் செலவு. அப்புறம் என்ன, பட்டம் வாங்கிவிடலாம் என்று சேர்ந்தேன்.

பின்னங்களைக் கூட்டுவதே மறந்து போயிருந்தது. வகுப்பில் கேட்க வெட்கம். ராத்திரி மகள் தூங்கியதும் அவளுடைய ஐந்தாம் வகுப்பு நோட்டை எடுத்து ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் திறந்தால் என் கணக்கைச் சுற்றி வட்டம் போட்டு, “அப்பா, இது தப்பு” என்று எழுதி வைத்திருந்தாள். வாத்தியார் திருத்தியதைவிட அதுதான் மனதில் நின்றது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. எங்கள் சலுகைக் காகிதங்களைச் சரிபார்த்து அரசுக்கு அனுப்பும் அம்மா ஒருவர் கல்லூரியில் இருந்தார். என் பதிவைப் பார்த்ததும், “எல்லாமே ஆன்லைனா? ஒரே ஒரு வகுப்பையாவது நேரில் மாற்று” என்றார். முழுக்க ஆன்லைன் என்றால் அந்தச் சலுகையில் வரும் வீட்டு வாடகைப் பணம் தேசிய சராசரியில் பாதிதான். ஒரு வகுப்பு நேரில் இருந்தால் கல்லூரி இருக்கும் இடத்தின் கணக்குப்படி வரும். பாதி நேரமோ அதற்கும் குறைவாகவோ படித்தால் அதுவும் கிடையாது. வாடகை கட்டுபவனுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. செவ்வாய் சாயங்காலம் புள்ளியியல் வகுப்புக்கு நான் போனது புள்ளியியல் மேல் இருந்த ஆசையால் அல்ல.

இரண்டாவது செமஸ்டரில் வீட்டில் உடம்பு சரியில்லாத நிலைமை. யாரிடமும் கேட்காமல் ஒரு வகுப்பை விட்டேன், கணினியில் ஒரே ஒரு கிளிக். பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த அம்மாவிடம் ஓடினேன். முதல் தடவை, அதுவும் விட்ட பாடம் ஆறு கிரெடிட் மதிப்புக்குள் என்றால் காரணம் கேட்க மாட்டார்களாம். கடைசியாக வகுப்பில் உட்கார்ந்த நாள் வரைக்கும் கொடுத்ததைத் தொட மாட்டார்கள், அதற்குப் பிறகு கொடுத்தது மட்டும் கடன். “ஆனால் இது வாழ்க்கையில் ஒரு தடவைதான். நீ செலவழித்துவிட்டாய்” என்றார். கிளிக் செய்வதற்கு முன்னால் அவர் கதவைத் தட்டியிருந்தால் இன்னொரு வழி சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைப்பேன்.

நாலு ஊர் பெட்டி:

அண்ணா, நான் படித்தது கணவரின் சர்வீஸ் நடுவில். ஒன்பது வருடத்தில் நாலு ஊர், மூன்று கல்லூரி. ராணுவத்தில் இருப்பவர்களின் மனைவி அல்லது கணவருக்கென்று மைகா என்ற உதவித்தொகை இருக்கிறது, 4,000 டாலர். சான்றிதழ், லைசென்ஸ், இரண்டு வருட அசோசியேட் டிகிரி வரைக்கும்தான் செல்லும், நாலு வருடப் பட்டத்துக்குச் செல்லாது. இது தெரியாமல் மூன்று வாரம் விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டினேன்.

இன்னொன்று, பெட்டி கட்டும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது. அரசுக் கல்லூரியில் அந்த மாநிலத்தவருக்கான குறைந்த உள்ளூர்க் கட்டணத்தில் சேர்ந்துவிட்டால், கணவருக்கு வேறு மாநிலம் மாற்றல் வந்தாலும் அதே கட்டணம்தான், 2008 சட்டம் அப்படி. ஆனால் விடாமல் தொடர்ந்து படிக்க வேண்டும். குழந்தை பிறந்தது, ஒரு செமஸ்டர் விட்டேன். திரும்பிப் போனபோது கட்டண கவுன்டரில் இருந்த பெண் ரொம்பத் தன்மையாக வெளியூர்க் கட்டணத்தைச் சொன்னாள். அன்றைக்கு அவள் கொஞ்சம் கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மிச்சத்தை ராத்திரி பால் கொடுத்துக்கொண்டே, வகுப்புப் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முடித்தேன். பையன் இப்போதும் அந்தப் புரொபசர் குரல் கேட்டால்தான் தூங்குகிறான், அதுவும் அதே வேகத்தில்.

லேட் பாஸ்:

பதினோரு வருடம் சர்வீஸ். ஜிஐ பில்லைப் பிள்ளைக்கு மாற்ற ஆறு வருடம் முடித்திருந்தால் போதும், இன்னும் நாலு வருடம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பணியில் இருக்கும்போதே செய்ய வேண்டும். நான் சீருடையைக் கழற்றிய பிறகுதான் கேட்டேன். 2013 முதல் வெளியே வந்தவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் காலக்கெடு இல்லை என்பதால் இப்போது நானே படிக்கிறேன். மகள் கடன் வாங்கிப் படிக்கிறாள். ஒரே டைனிங் டேபிள், எதிர் எதிர் நாற்காலி. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

சிவப்பு மை:

அண்ணா, அக்கா, நான் இன்னும் யூனிபார்மில்தான் இருக்கிறேன். பணியில் இருக்கும்போதே படிப்பவர்களுக்கு ராணுவம் கட்டணம் கட்டும் டியூஷன் அசிஸ்டன்ஸில் கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை கொடுக்கிறார்கள். இளங்கலையில் சி-க்குக் கீழே போனால் நம் சம்பளத்திலிருந்து போய்விடும். அந்தப் பயத்தில்தான் படிக்கிறேன் என்று சொன்னால் பொய்யில்லை.

போன மாதம் இரண்டு வாரம் காட்டுக்குள் பயிற்சி, சிக்னல் கிடையாது. கட்டுரையைக் கையால் எழுதி வைத்து, திரும்பி வந்து டைப் அடிக்கலாம் என்று திட்டம். ராத்திரி ஹெட்லாம்ப்பில் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் அனுமதி. பையில் கிடைத்தது சிவப்புப் பேனா. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை கண்ணுக்கே தெரியாது! குருடன் மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். விடிந்ததும் பார்த்தால் வரி மேல் வரி, நாலு வாக்கியம்கூடத் தேறவில்லை.

நல்லவேளை, செமஸ்டர் தொடங்கிய வாரமே புரொபசரிடம் பயிற்சித் தேதிகளைக் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்து நாள் கூடுதலாகக் கொடுத்தார்.

பழைய பூட்ஸ்:

தம்பி, என்ன கிரேடு வந்தது?

சிவப்பு மை:

பி மைனஸ் அண்ணா. அந்தப் பக்கத்தைத் தன் அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.