கொல்லைக்கு சிமெண்டா, காய்கறியா? ஆடிக்குள் முடிவு வேண்டும்

குடமுருட்டிக்கரை (பாபநாசம்)
வீட்டுக்குள் பேசித் தீரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். பாபநாசம் பக்கத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. பின்னால் கொல்லை 30 அடி அகலம், 40 அடி நீளம். கைப்பிடிச் சுவர் தாழ்ந்த ஒரு கேணி, இரண்டு தென்னை, துவைக்கிற கல், மற்றபடி புல்தான். பெண்ணுக்கு 5 வயது, பையனுக்கு இரண்டரை. ஐப்பசி மழையில் கொல்லை முழுக்கச் சேறாகிவிடும், பிள்ளைகள் அந்தக் காலோடு கூடம் வரை வந்துவிடும். போன வருஷம் ஒரு பாம்பும் வந்தது, சாரைதான். அதனால் மொத்தத்துக்கும் சிமெண்ட் போட்டுவிடு என்கிறார் அம்மா. கொத்தனார் அளந்து பார்த்து 80,000 ரூபாய் சொல்லியிருக்கிறார். எனக்குக் காய்கறி போட வேண்டும் என்று ஆசை. கத்திரிக்காய் கடையில்தான் காய்க்கிறது என்று நினைத்துக்கொண்டு என் பிள்ளைகள் வளரக் கூடாது. நான் சென்னையில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவேன். மனைவியைக் கேட்டால் ‘உங்க இஷ்டம்’ என்கிறாள். ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

திருவையாறு வாத்தியார்
தம்பி, முதலில் அந்தக் கொத்தனாரை வேறு வேலைக்கு அனுப்புங்கள். 1,200 சதுர அடியையும் மூடினால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழைத் தண்ணீர் தெருவில்தான் போய் நிற்கும். சித்திரை வெயிலில் அந்தத் தளம் வாங்குகிற சூடு இருட்டிய பிறகும் அடுப்படிக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அங்கே கால் வைக்க முடியாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை. இப்போது வெண்டை ஊன்றினால் 45 நாளில் முதல் காய், அடைமழை பிடிப்பதற்குள் ஒரு சுற்றுப் பறித்துவிடலாம். கொத்தவரையும் கூடவே போடலாம். பந்தல் அவரை மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ஆடியில் போட்டாலும் பகல் குறுகி, பனி இறங்கினால்தான் பூக்கும், பொங்கலுக்குத்தான் காய். இதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தினமும் கொடியை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். என் பேத்தி இழுத்தே ஒரு கொடியை முடித்துவிட்டாள். சின்னவனுக்குச் சிறுகீரை போதும். 25 நாளில் கைக்கு வந்துவிடும், அதற்கு மேல் அந்த வயதுக்குப் பொறுமை ஏது?

நம்முடையது களிமண் என்பதை மறந்துவிடாதீர்கள். தரைமட்டத்தில் பாத்தி கட்டினால் கார்த்திகையில் தண்ணீர் நின்று கத்திரியும் மிளகாயும் வேர் அழுகிப் போகும். முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, இடையில் வடிகால் விடுங்கள். மக்கிய சாணியும் கொஞ்சம் மணலும் கலந்துகொள்ளுங்கள்.

மன்னை மருமகள்
ஐயா எல்லாம் சொன்னார், தினமும் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சகோதரரே, ‘உங்க இஷ்டம்’ என்பதற்கு அர்த்தம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெரியவில்லையா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆடியில் என் வீட்டுக்காரர் 12 பாத்தி கட்டினார். படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். ஆவணி பாதியில் அவருக்கு வேலை அதிகமாகிவிட்டது. அப்புறம் காலையில் பெரியவனை எழுப்பிப் பல் தேய்க்கவைத்து, இட்லி ஊற்றி, டப்பா கட்டி, வேனில் ஏற்றிவிட்டு வந்து, இடுப்பில் சின்னதும் கையில் வாளியுமாக நின்றது நான். செடி வாடினால் ‘ஒரு வாளி ஊத்தக் கூடாதா’ என்ற கேள்வி எனக்கு. காய்த்தால் ‘எங்க தோட்டத்துக் காய்’ என்ற பெருமை அவருக்கு. அதுவும் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக் கொடுக்கும்போது முதல் பிஞ்சு என்றால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டரை வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு, அதுவும் கேணி இருக்கிற கொல்லையில், ஒரே ஒரு நாள் களை எடுத்துப் பாருங்கள். என் ஓட்டு சிமெண்டுக்கு.

குடமுருட்டிக்கரை
அப்படி இல்லை அக்கா. மோட்டார் இருக்கிறது, ஹோஸ் வாங்கிப் போட்டுவிடுவேன். அம்மாவும் வீட்டில்தான் இருக்கிறார்.

மன்னை மருமகள்
சிமெண்ட் போடச் சொன்ன அம்மாதானே? அவர் உங்கள் வெண்டைக்குத் தண்ணீர் விடுவார். சரி.

கணக்குப்பிள்ளை (கும்பகோணம்)
ஒரு வருஷம் முழுக்க நோட்டுப் போட்டு எழுதியவன் நான். விதை, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, பந்தல் மூங்கில், ஹோஸ், ஆட்டுக்கு வலை எல்லாம் சேர்த்து 6,840 ரூபாய். பறித்த காயை அன்றன்றைக்குத் தாராசுரம் மார்க்கெட் விலைக்குப் போட்டேன், 4,110 வந்தது. அதில் பாதி வெண்டை. நம் வீட்டில் வெண்டை காய்க்கிற வாரத்தில் எல்லார் வீட்டிலும் காய்க்கும், கடையிலும் மலிந்து கிடக்கும். தக்காளி விலை ஏறிக் கிடக்கும்போது நம் செடியில் இலை சுருண்டு நிற்கும். இரண்டாம் வருஷம் மூங்கிலும் ஹோஸும் மிச்சம் இருந்ததால் கையைக் கடிக்கவில்லை. ஆனால் காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விதைக்கூடை (நீடாமங்கலம்)
எல்லாவற்றுக்கும் ரூபாய்க் கணக்குப் பார்த்தால் பிள்ளை வளர்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் பிறந்த இளங்காடு இதே தஞ்சை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் இருந்துகொண்டு சிமெண்டா என்று கேட்கிறோம்! என் பையனுக்கு நாலு வயசு. கடை வெண்டையைத் தொடமாட்டான். செடியில் பிஞ்சாகப் பறித்து அங்கேயே நின்று பச்சையாகத் தின்பான். மருந்து அடிக்காததால் எனக்கும் பயமில்லை. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம், பூச்சி தெரிந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல், அவ்வளவுதான். வேலியோரம் பத்து ஆமணக்கு வையுங்கள். புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் இலையில் போய் முட்டை வைக்கும், இலையோடு கிள்ளி அழித்துவிடலாம்.

மன்னை மருமகள்
பச்சை வெண்டை தின்கிற பிள்ளை கிடைத்தவர் பாக்கியசாலி. என் பெரியவன் மூன்று மாதம் பாகற்கொடிக்குத் தண்ணீர் விட்டான், காயை அவனே பறித்தான். பொரியல் செய்து தட்டில் வைத்ததும் ‘இது என் ஃப்ரெண்டு, சாப்பிட மாட்டேன்’ என்று எழுந்து போய்விட்டான்.

வேதை உப்புக்காற்று
எங்கள் வேதாரண்யம் பக்கம் பல வீட்டுக் கேணியில் தண்ணீரே உப்பு. நீங்கள் இருபது அடியில் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவுக்கு மேல் கஜா அடித்ததில் என் கொல்லையில் தென்னை, மா, முருங்கை எல்லாம் படுத்துவிட்டன. தென்னைக்கும் மாவுக்கும் இன்னும் காத்திருக்கிறேன். முருங்கையை மட்டும் போத்து வெட்டி ஊன்றினேன், அடுத்த ஆடிக்குள் கீரை ஒடித்தோம். எது வைக்காவிட்டாலும் ஒரு முருங்கை வையுங்கள், வீட்டை ஒட்டி வேண்டாம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அப்பிக்கொண்டு நிற்கும், பிள்ளைகள் கை வைத்தால் அரித்துத் தடித்துவிடும். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். முதல் பாதி மட்டும் சரி.

ஊசி அக்கா
கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 19 வருஷமாகச் செவிலியர். எந்தப் பக்கமும் இல்லை, இரண்டு பக்கத்தின் மேலும் கோபம் இருக்கிறது.

விதைக்கூடை தம்பி, ஆமணக்கு யோசனை வயலுக்குச் சரி. இரண்டரை வயசு இருக்கிற வீட்டில் கூடவே கூடாது. விதை புள்ளி போட்டுப் பளபளவென்று இருக்கும், குழந்தை எடுத்து வாயில்தான் போடும். மென்றால் விஷம். ஊமத்தையும் அப்படித்தான். சாமிக்குப் பூ வேண்டும் என்று வேலியில் மஞ்சள் அரளி விட்டு வைப்பார்கள். அதன் கொட்டை இதயத்தையே பாதிக்கும். தோட்டம் போடுகிறீர்களோ இல்லையோ, இந்த மூன்றும் கொல்லையில் இருந்தால் பிடுங்குங்கள்.

அப்புறம் பாம்பு. சிமெண்ட் போட்டால் பாம்பு வராது என்று யார் சொன்னது? பாம்பு எலிக்காக வருகிறது. குறுவை அறுப்பு முடிந்தால் வயல் எலி வீட்டுப் பக்கம் ஏறும், அதன் பின்னாலேயே பாம்பும் வரும். பளிங்குத் தரை போட்ட வீட்டிலும் சுவரோரம் உடைந்த ஓடுகளையும் விறகையும் அடுக்கி வைத்தால் அதுவே போதும். சாரைக்கு விஷமில்லை. பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. ஏதோ பூச்சி என்று விடிய விட்டுவிட்டு, மூச்சு திணறும்போது கொண்டுவருவார்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பிள்ளைகளைக் கட்டிலில், கொசுவலைக்குள் படுக்கவையுங்கள்.

எலிக்கு என்று மஞ்சள் பாஸ்பரஸ் பசையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கல்லீரலைத் தின்றுவிடும், அதற்கு முறிவு மருந்து கிடையாது.

பிள்ளைகள் மண்ணில் விளையாடட்டும், செருப்போடு. கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாகவே ஏறும். அங்கன்வாடியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

இதெல்லாம் இரண்டாவது. ‘கைப்பிடிச் சுவர் தாழ்ந்த ஒரு கேணி’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு வெண்டையா சிமெண்டா என்று கேட்கிறீர்களே! அந்தக் கேணிக்கு மூடி இருக்கிறதா?

திருவையாறு வாத்தியார்
நான் அதைப் படித்தும் தாண்டிப் போயிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி, அந்த மூங்கில் வில் பொறி, வைக்கலாம் என்று சொல்ல வந்தேன்.

ஊசி அக்கா
கிட்டியும் குழந்தைக்கு எட்டாத இடத்தில்தான் ஐயா. எலிக் கழுத்துக்கு வைத்தது விரலையும் பிடிக்கும்.

விதைக்கூடை
ஆமணக்கை வாபஸ் வாங்குகிறேன். என் வீட்டிலேயே நாலு நிற்கிறது, இன்று சாயங்காலம் வெட்டிவிடுகிறேன். ஓரத்துக்குச் செண்டுமல்லி வைக்கலாம், பிள்ளைகளும் பறிக்கலாம். ஆனால் சிமெண்டுக்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

மன்னை மருமகள்
சிமெண்ட் பாம்பைத் தடுக்காது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது. இங்கே தோட்டம் போடு என்றவர்கள் எல்லாம் ஆண்கள், பேச்சிலேயே தெரிகிறது.

திருவையாறு வாத்தியார்
குற்றச்சாட்டு உண்மைதான் அம்மா. நான் ஓய்வு பெறும் வரை எங்கள் வீட்டில் தோட்டத்துக்குப் பேர் நான் வாங்கினேன், தண்ணீர் அவள் விட்டாள். இப்போது அவளுக்கு மூட்டுவலி. கொல்லைப்படியில் உட்கார்ந்துகொண்டு நான் பாத்தி கட்டுவதில் குறை சொல்கிறாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவே இருக்கிறது.

ஆனாலும் அதற்குத் தீர்வு சிமெண்ட் இல்லை. தோட்டத்தைச் சிறிதாக்குங்கள். பத்துக்கு நாலு அடியில் இரண்டே பாத்தி. குளியலறைத் தண்ணீர் வெளியேறுகிற இடத்தில் இரண்டு வாழையும் கொஞ்சம் சேம்பும் வைத்துவிட்டால் அவற்றுக்கு யாரும் வாளி தூக்க வேண்டாம். அந்த சோப்புத் தண்ணீரைக் கீரைப் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.

மன்னை மருமகள்
வாளி தூக்காத வாழையை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாம் ஐயா.

கணக்குப்பிள்ளை
இரண்டு பாத்தி என்றால் 1,000 ரூபாய்க்குள் முடியும். பந்தல் கட்டாதீர்கள், காசு போவதே அதில்தான்.

குடமுருட்டிக்கரை
ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்தேன். பெண் சப்பரம் இழுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றிவிட்டு அசந்து தூங்கிவிட்டாள். பையனும் தூங்கினான். அப்புறம் மனைவியிடம் மறுபடி பேசினேன். இந்தத் தடவை தோட்டமா சிமெண்டா என்று கேட்கவில்லை. கொல்லையில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அவளுக்கு வேண்டியது கதவிலிருந்து துவைக்கிற கல் வரை சேறு மிதிக்காமல் போக ஒரு வழி. மழையில் துணி காயப்போட ஒரு தகரச் சாய்ப்பு. கேணிக்கு மூடி. பையன் ராட்டினக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறான் என்று என்னிடம் போனில் இரண்டு தடவை சொன்னாளாம். எனக்கு ஞாபகம் இல்லை. காய்கறி பற்றிக் கேட்டதற்கு, ‘கீரை ஒரு பாத்தி போதும், நீங்க வர்ற வாரம் நீங்களே விதைங்க’ என்றாள்.

அதனால் நாலு அடி அகலத்துக்கு நடைபாதை மட்டும் சிமெண்ட். அம்மாவுக்கு அரைமனசுதான். கீரைப் பாத்தி ஒன்று கட்டிவிட்டேன். பெண் பெயிண்ட் வாளியில் பத்து வெண்டை விதை ஊன்றினாள். ஏழு முளைத்தது, பக்கத்து வீட்டுக் கோழி நாலைக் கிளறிவிட்டது. மீதி மூன்றுக்கும் பேர் வைத்திருக்கிறாள், மன்னை அக்கா சொன்ன பாகற்காய்க் கதைதான் எனக்குப் பயம்.

கேணிக்கு ஒரு சந்தேகம். வாய் 5 அடி விட்டம். வெல்டிங் கடைக்காரர் 8 மி.மீ. கம்பியில் கட்டம் போட்டுத் தருகிறேன் என்கிறார். போதுமா?

ஊசி அக்கா
கம்பி விவரம் எனக்குத் தெரியாது. பெரிய ஆள் ஏறி நின்றால் வளையக் கூடாது, கட்டத்துக்குள் குழந்தைத் தலை போகக் கூடாது, வாளி விடுகிற திறப்புக்குப் பூட்டு இருக்க வேண்டும்.

வேதை உப்புக்காற்று
12 மி.மீ. கேளுங்கள், நடுவில் ஒரு ஆங்கிள் கொடுக்கச் சொல்லுங்கள். சும்மா மேலே வைக்காமல் சுவரில் இறுக்கச் சொல்லுங்கள், காற்றுக்காலம் வருகிறது.

மன்னை மருமகள்
கடைக்காரர் வரும் வரை கொல்லைக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்கள். இன்றைக்கே. பையன் நாற்காலி இழுத்துப்போட்டு ஏறுவானா என்று மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது.