அப்பாவின் அறிக்கையில் இருந்த டிபி53 என்ற வரி

சிறுநீர்ப்பைப் புற்று வந்த கணவரின் பரிசோதனை அறிக்கையில் 'டிபி53 பிறழ்வு உள்ளது', அதாவது டிபி53 (TP53) என்ற மரபணு பழுதுபட்டிருக்கிறது, என்று கண்டதிலிருந்து உறக்கமே இல்லை என ஒரு சகோதரி எழுதியிருந்தார். ஈராண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நானும் தம்பியும் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்கு அப்போது 67 வயது. நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அத்தனை ஆண்டுகளும் சிகரெட் பிடித்தவர். சிறுநீர் ஒருநாள் சிவந்து போயிருக்கிறது; வலி இல்லாததாலும் மறுநாளே தெளிந்துவிட்டதாலும் மூன்று மாதம் எங்களிடம் சொல்லவில்லை. பிறகு குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தபோது, அது உயர்தரக் கட்டி (தீவிரமாக வளரும் வகை), டி1 நிலை, அதாவது உட்படலத்தைத் தாண்டி அதன் அடியிலுள்ள திசுவுக்குள் இறங்கியிருக்கிறது என்றார்கள். கோலாலம்பூரில் வேலை செய்யும் தம்பியின் ஏற்பாட்டில் செய்த மரபணுப் பரிசோதனையில்தான் அந்த வரி வந்தது.

பையின் சுவரிலுள்ள தசைக்குள் ஊடுருவிய சிறுநீர்ப்பைப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் டிபி53 பழுதுபட்டிருக்கும் என்று படித்ததும், அப்பாவுக்கும் தசைவரை போய்விட்டது என நாங்களே முடிவு கட்டிவிட்டோம். இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில், பினாங்கு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். டிபி53, ஆர்பி1 போன்றவை செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்கள். ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருப்பதால், பொதுவாக இரண்டும் கெட்டால்தான் தடுப்பு முழுமையாகப் போகும் என்றார். 1971இல் நட்சன் என்பவர் குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து முன்வைத்த கருத்தாம் இது. "கால் பிரேக் போனாலும் கை பிரேக் இருக்குமே, அதுபோலவா டாக்டர்?" என்று அப்பா கேட்டார். அன்று எங்கள் மூவரில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான்.

டிபி53 பிறழ்வு தீவிரமான கட்டிகளில் அதிகம் காணப்படுவது உண்மையே; ஆனால் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, அதன் தரம் என்ன, எத்தனை கட்டிகள், எவ்வளவு பெரியவை, படலத்தோடு படர்ந்த புற்றும் உடன் உள்ளதா என்பவற்றைக் கொண்டே சிகிச்சையை முடிவு செய்கிறார்கள், அந்த ஒரு மரபணுவை மட்டும் வைத்து அல்ல. பிள்ளைகளுக்கும் வருமா என்ற தம்பியின் கேள்விக்கு, இது பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே உண்டாகும் பிறழ்வு, புகையிலை நச்சு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றார்.

பிறகு அவர் முதல் அறிக்கையில் வேறொரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டார்: 'மாதிரியில் தசைத் திசு இல்லை.' தசையே எடுக்கப்படவில்லை என்றால் அது தப்பியதா என்று எப்படிச் சொல்வது? முதலில் பார்த்த இடத்தில் இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு. ஐந்தாவது வாரம் மீண்டும் சுரண்டினார்கள். இம்முறை தசை கிடைத்தது, அதில் புற்று இல்லை.

அதன்பின் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் பிசிஜி மருந்தை (காசநோய்த் தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த கிருமி)ச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். அதில் உயிருள்ள கிருமி இருப்பதால், அப்பா கழிவறைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் அம்மா குளோராக்ஸ் என்ற கிருமிநாசினித் திரவத்தை ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து தண்ணீர் விடுவார்.

சகோதரி, உங்கள் கணவரின் அறிக்கையில் தசைத் திசு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தத் தாளையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.